அம்மாவின் எண்ணில் வேறொருவர் முகம்

இறந்தவரின் நினைவை இணையத்தில் ஏற்றிவிட்டால் அது என்றைக்கும் அழியாது என்கிறார்கள். எழவு வீட்டில் அழுகை ஓய்வதற்குள் யாராவது ஒருவர் இதைச் சொல்லிவிடுகிறார். கேரள எல்லையோரத்து வடகரப்பதியிலும் கொழிஞ்சாம்பாறையிலும், எல்லை தாண்டினால் கோயமுத்தூரிலும், படித்த பிள்ளைகள் எல்லாரும் ஒத்துக்கொண்ட பேச்சாகிவிட்டது இது. பந்தல், சாப்பாடு, தட்சிணை என்று கருமாதிக் கணக்கு எழுதும் நோட்டில் ‘நினைவுப் பக்கம்’ என்று ஒரு வரியும் ஏறிவிட்டது. இந்தக் கருத்து தவறானது. நினைவைக் காக்க வேண்டிய கடமை யாருக்கு உண்டோ, அவர்கள் கையிலிருந்து அந்த வேலையை வாங்கி, எந்தக் கடமையும் இல்லாத ஒரு கம்பெனியின் கையில் கொடுக்கச் சொல்லும் கருத்து இது.

அவர்கள் வாதத்தை முதலில் முழுசாகச் சொல்லிவிடுகிறேன். அது லேசான வாதம் இல்லை. கல் உடையும், போட்டோ செல்லரிக்கும், கண்ணீர் அஞ்சலி பிளெக்ஸ் ஒரு மாத வெயிலில் வெளுத்துவிடும். சர்வரில் ஏற்றியது அப்படியே இருக்கும் என்பது முதல் வாதம். சொந்தபந்தம் சிதறிக் கிடக்கிறது, மகன் துபாயில், மகள் திருப்பூரில், பேரன் பெங்களூரில்; எல்லாரும் ஒரே இடத்தில் கூட இணையம்தான் வழி என்பது இரண்டாவது. இதை என்னால் எளிதாகத் தள்ள முடியாது. 2020 ஊரடங்கின்போது வேலந்தாவளத்திலும் வாளையாரிலும் எல்லையை அடைத்தார்கள். பாஸ் இல்லாமல் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் போக முடியவில்லை. அரை மணி நேர பஸ் தூரத்தில் விழுந்த சாவுக்குப் போக முடியாமல் செல்போனில் முகம் பார்த்து அழுதவர்கள் எங்கள் பக்கம் உண்டு. மூன்றாவது வாதம் இன்னும் கனமானது. சமாதி கட்ட நிலம் வேண்டும். நம் சுடுகாடுகளில் சாதிக்கொரு மூலை. இணையத்தில் பண்ணைக்காரருக்கும் பண்ணையில் கூலி வேலை செய்தவருக்கும் ஒரே அளவு பக்கம்தான். நாலாவது, துக்கத்தை உள்ளேயே வைத்துப் புழுங்குகிறவர்களுக்கு நடு ராத்திரியில் நாலு வரி எழுத ஓர் இடம் கிடைக்கிறது.

நானும் இதை நம்பியவன்தான். என் அம்மா இறந்து நாலு வருஷம் ஆகிறது. அக்கா மகன் பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலையில் இருக்கிறான். மூன்றாம் நாள் காரியம் முடிந்த சாயங்காலம் திண்ணையில் உட்கார்ந்து, “மாமா, அம்மிச்சிக்கு ஒரு பக்கம் போட்டுட்டேன். இனி யாரும் எங்கிருந்தும் பாக்கலாம்” என்று காட்டினான். அழகாகத்தான் இருந்தது. அம்மாவின் படம், பிறந்த வருஷம், இறந்த தேதி, பக்கத்தில் ஆடிக்கொண்டே இருக்கும் ஒரு விளக்கு. மூன்று வருஷத்துக்குப் பணம் கட்டியிருந்தான். முதல் வாரம் சொந்தக்காரர் எல்லாரும் வந்து எழுதினார்கள். இரண்டாம் வருஷத் திதியன்று அதைத் திறந்தது நானும் அக்காவும் மட்டும். இந்த வருஷத் திதியன்று திறந்தால் பக்கமே இல்லை. பணத்தைப் புதுப்பிக்கச் சொல்லி வந்த கடிதங்கள், அவன் வேலையை விட்டுவிட்டு வந்த பழைய ஆபீஸின் மின்னஞ்சலுக்குப் போயிருக்கின்றன.

அதற்கும் முன்பே ஒன்று நடந்தது. அம்மாவின் செல் எண்ணுக்கு ரீசார்ஜ் செய்வதை நிறுத்தியிருந்தோம். வாட்ஸ்அப்பில் அந்த எண்ணைத் திறந்தால், தொழுவத்துக்கு முன்னால் கன்னுக்குட்டியின் கயிற்றைப் பிடித்தபடி அம்மா நிற்கும் படம் இருக்கும். காலையில் அடுப்புப் பற்றவைக்கும் முன் அக்கா அதை ஒருமுறை பார்த்துவிடுவாள். ஒருநாள் ஒன்றும் பேசாமல் போனை என்னிடம் நீட்டினாள். ‘அம்மா’ என்று பதிந்திருந்த பெயருக்கு மேலே, பைக்கில் சாய்ந்தபடி ஓர் இளைஞன் நின்றுகொண்டிருந்தான். அவன் மேல் ஒரு தப்பும் இல்லை. கடையில் எண் கேட்டிருப்பான், கொடுத்திருப்பார்கள். அக்கா அதற்குப் பிறகு அந்த எண்ணை அழிக்கவும் இல்லை, திறக்கவும் இல்லை.

ஒரு வீட்டில் நடந்ததை வைத்து ஊருக்கே சட்டம் சொல்கிறேன் என்று நினைக்க வேண்டாம். என் மறுப்புகளை வரிசையாக வைக்கிறேன்.

ஒன்று. அழியாது என்று உங்களுக்கு உறுதி கொடுத்தது யார்?

நம் நாட்டில் துண்டிக்கப்பட்ட செல் எண்ணை 90 நாள் கழித்து வேறொருவருக்குக் கொடுக்கலாம். 120 நாள் பயன்படாமல் கிடக்கும் வாட்ஸ்அப் கணக்கு பொதுவாக நீக்கப்படும். இரண்டு வருஷம் யாரும் நுழையாத கூகுள் கணக்கை, அதிலுள்ள கடிதமும் படமும் சேர்த்து நீக்கலாம் என்று 2023 மே மாதம் அந்தக் கம்பெனி அறிவித்தது. அந்த டிசம்பரிலிருந்து அது நடைமுறை. இந்த மூன்று விதியும் யார் தலையில் போய் விழும் என்று யோசித்துப் பாருங்கள். உள்ளே வராதவர், பேசாதவர், ரீசார்ஜ் செய்யாதவர் தலையில். இறந்தவர்கள் எல்லாரும் அந்தக் கணக்கில்தான் வருவார்கள். ஆளில்லாததைத் துடைத்துவிட வேண்டும் என்பதையே விதியாக வைத்திருக்கும் ஓர் இடத்தை, இல்லாமல் போனவர்களைப் பத்திரமாக வைக்கும் இடம் என்று நம்பச் சொல்கிறீர்கள்.

கணக்குத்தான் போகும், தளம் இருக்கும் என்பீர்கள். ஆர்குட் இருந்ததா? நம் ஊர்ப் பிள்ளைகள் முதன்முதலில் படம் ஏற்றிய இடம் அது. 2014 செப்டம்பர் 30-ஆம் தேதி மூடினார்கள். கூகுள் பிளஸ் 2019 ஏப்ரலில் போனது. டிக்டாக்கை 2020 ஜூன் 29 அன்று நம் அரசு தடை செய்தது. தடை சரியா தவறா என்ற பேச்சு வேறு, ஆனால் அதில் ஆடியும் பாடியும் நடித்தும் வைத்துவிட்டு இறந்துபோன பிள்ளைகளின் முகத்தை அன்றைக்குப் பிறகு அதில் பெற்றவர்கள் பார்க்க முடியவில்லை. அமெரிக்காவின் பியூ ஆய்வு மையம் 2024-இல் ஒரு கணக்கு வெளியிட்டது. 2013-இல் இருந்த இணையப் பக்கங்களில் 38 சதவீதம் பத்து வருஷம் கழித்துத் திறக்கவில்லை. பத்து வருஷம் என்பது எங்கள் பக்கம் ஒரு தென்னை நன்றாகக் காய்ப்புக்கு வரும் வயசு. அம்மா நட்ட பிள்ளைகள் இப்போது குலை தள்ளி நிற்கின்றன. அம்மாவின் பக்கம் மூன்று வருஷத்தில் போய்விட்டது.

இரண்டு. பொறுப்பாளி யார், அவருக்குப் பிறகு யார்?

ஃபேஸ்புக்கில் இறந்தவர் கணக்கை நினைவுக் கணக்காக மாற்றும் ஏற்பாடு 2009-இல் வந்தது. தனக்குப் பின் அதைப் பார்த்துக்கொள்ள ஒருவரை நியமித்துவைக்கும் வசதி 2015-இல் வந்தது. உயிரோடு இருக்கும்போது அவரே நியமித்திருக்க வேண்டும். செத்த பிறகு வீட்டார் போய் ஓர் ஆளைச் சேர்க்க முடியாது. அப்படி நியமிக்கப்பட்ட மகனும் ஒருநாள் போய்விட்டால் அந்தச் சாவி பேரன் கைக்கு வராது. ஒரு தலைமுறையோடு தீர்ந்துபோகும் ஏற்பாட்டுக்கு நிரந்தரம் என்ற பெயர் எப்படிப் பொருந்தும்?

ஜெர்மனியில் ஒரு வழக்கு நடந்தது. பெர்லினில் 2012-இல் ரயில் மோதி இறந்துபோன 15 வயது மகளின் ஃபேஸ்புக் கணக்கைத் திறந்துபார்க்க, பெற்றவர்கள் அந்த நாட்டின் உச்ச நீதிமன்றம் வரை போனார்கள். மகள் ஏன் செத்தாள், விபத்தா, வேறு எதுவுமா என்று தெரிந்துகொள்ளத் தவித்தவர்கள் அவர்கள். அந்தக் கணக்கு வாரிசுகளுக்குச் சேரும் என்று தீர்ப்பு வந்தது 2018 ஜூலையில். ஏறக்குறைய ஆறு வருஷம்! பெற்ற தாய்க்கே இந்தக் கதி. நம் நாட்டில் 2023-இல் வந்த தனிநபர் மின்தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 14-ஆம் பிரிவு, இறப்புக்குப் பின் தன் தரவு உரிமைகளைப் பயன்படுத்த ஒருவரை நியமிக்கும் உரிமையைக் கொடுக்கிறது. நல்ல பிரிவு. பேங்க் பாஸ்புக்குக்கு நாமினி எழுதாத வீடு எங்கள் ஊரில் இல்லை. நினைவுப் பக்கம் போடச் சொல்லும் அன்பர்களில் எத்தனை பேர் தங்கள் போனுக்கும் மின்னஞ்சலுக்கும் ஒரு நாமினி சொல்லிவைத்திருக்கிறார்கள்?

எங்கள் தாலுகாத் தலைநகர் சித்தூர். அங்கே ஓடும் ஆற்றுக்குச் சோகநாசினி என்று பெயர். துயரத்தைப் போக்குகிறவள். அதன் கரையில் மலையாளத்தின் எழுத்தச்சன் கடைசிக் காலத்தைக் கழித்ததாகச் சொல்லும் குருமடம் இருக்கிறது. 16-ஆம் நூற்றாண்டுக் கவிஞர் அவர். அவர் தொட்டவை என்று சொல்லி எழுத்தாணியையும் மிதியடியையும் அங்கே காத்துவருகிறார்கள். விஜயதசமியன்று குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு போய் முதல் எழுத்தை அங்கே எழுதவைக்கிறார்கள். நானூறு வருஷத்துக்கும் மேலே அந்த நினைவைக் கொண்டுவந்து சேர்த்தது, அடுத்த வருஷமும் விளக்குப் போட ஓர் ஆள் இருந்ததுதான். அந்த ஆளுக்குப் பின் இன்னோர் ஆள். அம்மாவின் பக்கத்தில் ஆடிக்கொண்டிருந்த விளக்குக்கு எண்ணெய் ஊற்ற யாரும் தேவைப்படவில்லை. அது எரியாததற்கும் அதுவே காரணம்.

இங்கே ஒருவர் நடுகல்லைக் காட்டி என்னை மடக்கலாம். தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் 2006-இல் கண்டெடுத்த நடுகல், தமிழ் பிராமி எழுத்தில் வெட்டியது, ஈராயிரம் வருஷத்துக்கு மேற்பட்டது. ஆநிரை கவர்ந்த பூசலில் மாண்ட ஒருவன் பெயரை இன்றும் சொல்கிறது. அதற்கு யார் விளக்குப் போட்டார்கள் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. போடவில்லைதான், அதனால் அவனுக்கு அழுதது யார், அவன் எப்படிப்பட்டவன் என்பதெல்லாம் போய்விட்டது, பெயரும் ஊரும் மிஞ்சின. ஆனாலும் அந்தக் கல் அங்கே கிடக்க யாருக்கும் வாடகை கட்ட வேண்டியிருக்கவில்லை. கவனிப்பார் இல்லாத காலத்தைத் தாங்கி, கவனிக்க ஒருவர் வரும்வரை காத்துக் கிடந்தது. இணையப் பக்கம் அப்படிக் காத்துக் கிடக்காது. கவனிப்பு நின்ற கொஞ்ச காலத்திலேயே அது போய்விடும். தொல்காப்பியம் நடுகல்லுக்குக் கல்லைத் தேடிக் கண்டெடுப்பதிலிருந்து வாழ்த்துவது வரை ஆறு படிநிலை சொல்கிறது. நட்டது ஓர் ஊரே கூடிச் செய்த வேலை என்பது அதிலிருந்து தெரிகிறது.

கல்லை இடிப்பார்களே என்றால், இடிக்கிறார்கள். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் முள்ளிவாய்க்கால் நினைவுத் தூபியை 2021 ஜனவரி 8 இரவு இடித்தார்கள். இடித்த செய்தி பரவியதும் மாணவர்கள் வாசலில் வந்து உட்கார்ந்தார்கள், உண்ணாவிரதம் இருந்தார்கள். 11-ஆம் தேதி துணைவேந்தரே மறுபடி அடிக்கல் வைக்க வேண்டிவந்தது. ஒரு பக்கத்தை நீக்கினால் போய் உட்கார எந்த வாசல் இருக்கிறது?

மூன்று. பெட்டிமுடியைப் பார்த்துவிட்டுப் பேசுங்கள்.

மூணாறுக்கு மேலே, ராஜமலை தாண்டிப் போனால் வருவது பெட்டிமுடி. தேயிலை எஸ்டேட்டின் ஒரு டிவிஷன். 2020 ஆகஸ்ட் 6 இரவு, பதினொரு மணிக்குக் கொஞ்சம் முன்னால், மலை சரிந்து வந்து தொழிலாளர் குடியிருந்த லயங்களைத் துடைத்துக்கொண்டு போனது. 70 பேர் இறந்தார்கள். தோட்ட வேலை செய்த தமிழ்க் குடும்பங்கள். பலருக்குப் பூர்வீகம் தூத்துக்குடி மாவட்டத்துக் கயத்தாறு. நாலு பேர் உடல் கடைசிவரை கிடைக்கவில்லை. கிடைத்தவர்களை ராஜமலையில் வரிசையாக அடக்கம் செய்தார்கள்.

அன்று ராத்திரி அங்கே கரண்ட் இல்லை, போன் வேலை செய்யவில்லை. மண்ணுக்கடியில் ஆட்கள் கிடக்கிறார்கள் என்ற செய்தி வெளியே வந்தது மறுநாள் காலையில்தான். ஒரு கூப்பாடு போட வழியில்லாமல் போன இரவு அது. உயிரோடு இருந்தபோது உதவி கேட்கச் சிக்னல் கிடைக்காத ஜனங்களைப் பார்த்து, செத்த பிறகு உங்களுக்குச் சிக்னலில் இடம் போட்டிருக்கிறோம் என்று சொல்ல நமக்கு எப்படி மனசு வரும்?

தோட்டத் தொழிலாளிக்கு லயத்து வீடு கம்பெனியுடையது. வேலையிலிருந்து ஓய்வு பெற்றால் காலி செய்ய வேண்டும். மூன்று தலைமுறை கொழுந்து பறித்தவர்களுக்கும் ஒரு சென்ட் நிலம் இல்லை. அப்படிப்பட்டவர்களுக்கு, அவர்கள் பெயர் சொல்ல இந்தப் பூமியில் மிஞ்சிய மண் அந்தக் கல்லறை வரிசைதான். ஆண்டுதோறும் ஆகஸ்ட் 6 வந்தால் உறவுக்காரர்கள் பூவும் மெழுகுவத்தியுமாக மலை ஏறுகிறார்கள். அவர்கள் ஏறுவதால் பத்திரிகைக்காரர் வருகிறார், அதிகாரி வருகிறார், வீடு கிடைக்காதவர் தன் வழக்கைச் சொல்கிறார், அந்தச் சரிவில் ஏன் லயம் இருந்தது என்ற கேள்வி மறுபடி எழுகிறது. ஒரு கல்லறை வழி கேட்கும், வேலி கேட்கும், பதில் கேட்கும். பக்கம் ஒன்றையும் கேட்காது. நினைவு தினத்துக்கு மலை ஏற வேண்டாம், வீட்டிலிருந்தே ஒரு பூவை அழுத்தினால் போதும் என்ற பழக்கம் அங்கே வந்துவிட்டால் அதனால் யாருக்கு நிம்மதி? நிச்சயமாகச் செத்தவர்களின் பிள்ளைகளுக்கு இல்லை.

நாலு. பக்கம் எதை வாங்கிக்கொள்கிறது, எதைத் தள்ளிவிடுகிறது?

முதலில் ஒரு படம் கேட்கிறது. என் அப்பத்தாவுக்கு இருக்கும் ஒரே படம் வோட்டர் அட்டையில் இருப்பது. பெருசாக்கினால் கன்னம் முழுக்கப் புள்ளி புள்ளியாகி, கண் இருக்கும் இடத்தில் நிழல் நிற்கிறது. நம் ஊரில் காட்டு வேலை செய்து செத்த பெண்கள் பாதிப்பேருக்கு இதுதான் நிலை. படம் இல்லாதவருக்குப் பக்கம் ஒரு சாம்பல் நிறத் தலையை வைக்கிறது. பிறகு தேதி கேட்கிறது. பஞ்சம் வந்த வருஷம், பெரிய மழை பெய்த ஐப்பசி என்று கணக்கு வைத்தவர்களுக்கு அதில் கட்டம் இல்லை. பிறகு ஆளுக்கொரு வரி எழுதச் சொல்கிறது. ஆர்.ஐ.பி. என்று மூன்று எழுத்து வந்து விழுகிறது. அதை எழுதியவர்கள் மேல் எனக்குக் கோபமில்லை. சொல்லத் தெரியாமல் எழுதுகிறார்கள். சொல்லத் தெரிந்த ஒரு மொழி நம்மிடம் இருந்தது என்பதுதான் என் ஆற்றாமை.

ஒப்பாரியைச் சொல்கிறேன். அம்மா இறந்த அன்று சின்னம்மா வந்தார். அம்மாவுக்கு நேர் இளையவர், எழுபத்தெட்டு வயசு. வாசலிலேயே தலைமுடியை அவிழ்த்துவிட்டு, உட்கார்ந்திருந்த பெண்களின் தோளைக் கட்டிக்கொண்டு ஆரம்பித்தவர் முக்கால் மணி நேரம் நிறுத்தவில்லை. எங்கள் பக்கம் மழை மறைவுப் பிரதேசம். கிணறு வற்றினால் வருஷம் போய்விடும். அப்படி ஒரு வருஷம் அப்பா ஊரில் இல்லாதபோது அம்மா தன் நகையை விற்று ஆள் விட்டுக் கிணற்றை ஆழப்படுத்தியதை, அப்பா திரும்பி வந்து அதற்காகச் சண்டை போட்டதை, தாய்வீட்டில் பங்கு கேட்டுப் போய் வெறுங்கையோடு திரும்பியதை, எல்லாவற்றையும் சின்னம்மா பாட்டில் வைத்தார். பங்கு கொடுக்காத அண்ணன் குடும்பம் எதிரில்தான் உட்கார்ந்திருந்தது. தலை குனிந்து கேட்டார்கள். ஐம்பது வருஷம் அந்த வீட்டில் வளர்ந்த எனக்கு அந்தக் கிணற்றுக் கதை அன்றைக்குத்தான் தெரியும். தினமும் அந்தத் தண்ணீரைத்தான் குடித்தேன்.

அக்கா மகன் போட்ட பக்கத்தில் அம்மா ‘அன்பின் சிகரம்’. அன்பானவர்தான். ஆனால் பிடிவாதக்காரி, கடன் வாங்கப் பயப்படாதவர், அண்ணன் வீட்டுப் படி மறுபடி மிதிக்காதவர். செத்தவர்களின் வாழ்க்கையில் மனஸ்தாபமும் நியாயம் கேட்டதும் ஒரு பகுதி. ஒப்பாரி அதைச் சபையில் வைத்தது. எதிராளியும் இருந்து கேட்க வேண்டியிருந்தது. பக்கத்தில் அப்படி எழுதினால் யாராவது புகார் செய்வார்கள், வரி நீக்கப்படும். ஈழத்தமிழர் நவம்பர் மாதம் இடும் நினைவுப் பதிவுகளே கம்பெனி விதிகளைச் சொல்லி நீக்கப்பட்டிருக்கின்றன. யாரை எப்படி நினைக்கலாம் என்று முடிவு செய்யும் இடத்தில், நம் மொழி தெரியாத, நம் சாவு தெரியாத யாரோ இருக்கிறார்கள். இப்போது இறந்தவரின் குரலையே கம்ப்யூட்டரை வைத்துப் பேசவைக்கலாம் என்கிறார்கள். அம்மாவின் குரலில் அது எதைப் பேசும்? நாம் ஏற்றிய இருபது வாழ்த்துச் செய்தியிலிருந்து இனிமையாக ஏதோ பேசும். கிணற்றைப் பற்றிக் கேட்டால் அதற்குத் தெரியாது. தெரிந்த மாதிரிப் பேசினால் அது இன்னும் கொடுமை.

ஐந்து. சாதி இல்லாத சுடுகாடு இணையத்தில் இருக்கிறது என்பது தப்பிக்கும் பேச்சு.

எங்கள் சித்தூர் தாலுகாவிலேயே, கோவிந்தாபுரம் அம்பேத்கர் காலனியில் சக்கிலியர் குடும்பங்கள் தாங்கள் படும் தீண்டாமையைச் சொன்னது 2017-இல் கேரளம் முழுக்கச் செய்தியானது. தண்ணீர் எடுப்பதிலும் டீக்கடையிலும் தீண்டாமை என்றால் சுடுகாட்டுப் பாதைக்கு என்ன நிலைமை என்று இந்தத் தாலுகாக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பாதை மறுக்கப்படுகிறவருக்குப் பாதை வேண்டும். அடக்கம் செய்ய ஆறடி வேண்டும், சுற்றுச்சுவர் வேண்டும், மழையில் எரிக்கக் கூரை வேண்டும். அதையெல்லாம் பஞ்சாயத்திடம் சண்டை போட்டு வாங்க வேண்டும். பக்கத்தில் எல்லாரும் சமம் என்று சொல்வது அந்தச் சண்டைக்குப் போகாமல் வீட்டில் இருக்க ஒரு வழி. அந்தச் சமத்துவமும் உண்மையில்லை. யாருக்குப் படம் இருக்கிறதோ, யார் வீட்டில் கணினி தெரிந்த பிள்ளை இருக்கிறதோ, யாரால் வருஷா வருஷம் பணம் கட்ட முடியுமோ அவர்களுக்குத்தான் பக்கம்.

ஆறு. தூரத்தை வென்றது பக்கமில்லை.

ஊரடங்கில் செல்போனில் முகம் பார்த்து அழுதவர்களைச் சொன்னேன். அந்த உதவியை நான் மறுக்கவே மாட்டேன். ஆனால் அன்று நடந்தது என்ன? பிணத்துக்குப் பக்கத்தில் ஒருவர் கை வலிக்க வலிக்கப் போனைப் பிடித்து நின்றார். அந்தப் பக்கம் ஒருவர் அழுதார். இரண்டு பக்கமும் உயிருள்ள மனுஷர், அந்த நேரத்தில், ஒருவருக்காக ஒருவர் நின்றார்கள். துபாயில் இருக்கும் மகன் திதியன்று அக்காவைக் கூப்பிட்டு அரை மணி நேரம் அம்மாவைப் பற்றிப் பேசினால் அதுவும் அப்படித்தான். தூரத்தைக் காரணம் காட்டி நினைவுப் பக்கத்துக்கு வாதாடுகிறவர்கள் போன் செய்த உதவியைப் பக்கத்தின் கணக்கில் எழுதுகிறார்கள். பக்கம் வந்த பிறகு அந்த அழைப்புகள் குறைந்தன என்பதுதான் என் வீட்டில் நான் கண்டது. “பக்கத்துல எழுதிட்டேன் மாமா” என்றால் பேச வேண்டியது முடிந்துபோகிறது.

ராத்திரியில் எழுத ஓர் இடம் வேண்டும் என்கிறவர்களிடம் எனக்குச் சண்டை இல்லை. எழுதுங்கள். எழுதியதை ஒரு பிரதி எடுத்து வீட்டில் வையுங்கள். அதைத்தான் இந்த வருஷம் நாங்கள் செய்தோம்.

பக்கம் காணாமல் போனதில் என்னைவிட உடைந்துபோனவன் அக்கா மகன். பேரூர் படித்துறையில் திதி கொடுத்துவிட்டு வந்த மத்தியானம், இருநூறு பக்க நோட்டு ஒன்றை அவனே வாங்கி வந்திருந்தான். பழைய போனில் மிஞ்சியிருந்த அம்மாவின் குரல், மாட்டுக்குத் தவிடு வாங்கி வரச் சொல்லும் இரண்டு நிமிஷம், அதை மூன்று வீட்டில் மூன்று இடத்தில் ஏற்றிவைத்தான். பிறகு சின்னம்மாவைக் கட்டிலில் உட்காரவைத்து, கீழே சம்மணம் போட்டு உட்கார்ந்து, கேட்கக் கேட்க எழுதினான். தமிழ் எழுதிப் பல வருஷமாகிவிட்டது அவனுக்கு. எழுத்து கோணல்மாணலாகத்தான் வந்தது. சாயங்காலத்துக்குள் இருபத்தேழு பக்கம். கிணற்றுக் கதைக்கு வந்தபோது, எழுதியதைச் சத்தமாகப் படித்துக் காட்டினான். அம்மிச்சி தோட்டை விற்றுக் கிணறு வெட்டினார் என்று. நானும் ஒப்பாரியில் அப்படித்தான் கேட்டதாக நினைத்திருந்தேன்.

சின்னம்மா வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு கையை ஆட்டினார். “தோடு இல்ல சாமி, மூக்குத்தி. தோட்டை அக்கா வித்தது உங்கம்மா கண்ணாலத்துக்கு.”

அக்கா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். அவளுக்கும் அது தெரியாது. அவன் வரியை அடித்துவிட்டு மறுபடி எழுத ஆரம்பித்தான்.